பயிற்சி மருத்துவரின் மணிக்கணக்கு: இங்கும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே அறுவை சிகிச்சைத் துறையில் ஒரு யூனிட்டுக்குத் திங்கட்கிழமை அட்மிஷன் நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த யூனிட்டின் முதலாண்டு பி.ஜி., அதாவது முதுநிலை மாணவர், காலை ஏழரைக்கு வார்டுக்கு வந்துவிடுகிறார். சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், கேஸ் ஷீட் எழுத வேண்டும். பிறகு ஓ.பி. மதியத்துக்கு மேல் கேஷுவாலிட்டியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். குடல்வால் வீங்கிய இளைஞன், பைக்கிலிருந்து விழுந்தவர், குடலிறக்கம் சிக்கிக்கொண்ட முதியவர். இரவு முழுக்க எமர்ஜென்சி தியேட்டர். விடிந்ததும் மறுநாள் ரவுண்ட்ஸ். ராத்திரி சேர்ந்த ஒவ்வொருவரின் நிலையையும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, டிஸ்சார்ஜ் எழுதுவது. அவர் விடுதி அறைக்குத் திரும்பும்போது செவ்வாய் மாலை ஐந்து மணி.

முப்பத்து மூன்றரை மணி நேரம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை என்றால் இன்னொரு இருபத்தெட்டரை. சனிக்கிழமை மதியம் இரண்டு வரை ஆறரை. ஞாயிறு காலை ரவுண்ட்ஸுக்கு மூன்று. கூட்டினால் எழுபத்து ஒன்றரை. அந்த வாரத்தில் வியாழன் இரவு வார்டு டியூட்டியும் அவருக்கு விழுந்திருந்தால் மேலும் பதினான்கரை சேர்ந்து எண்பத்தாறு மணி நேரம் ஆகிறது. இது மிகைப்படுத்திய வாரம் இல்லை. அறுவை சிகிச்சை, மகப்பேறு, எலும்பு முறிவு ஆகிய துறைகளில் படித்த யாரிடம் காட்டினாலும், "இவ்வளவுதானா?" என்பார்கள்.

அந்த எண்பத்தாறு மணி நேரம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? வருகைப் பதிவேட்டில் ஏழு கையெழுத்து இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நாள். முப்பத்து மூன்றரை மணி நேரம் அங்கே இரண்டு நாளாகிவிடும், மூன்று மணி நேர ஞாயிறும் ஒரு நாளாகிவிடும். மாதக் கடைசியில் வரும் உதவித்தொகை, அவர் நாற்பது மணி நேரம் நின்றாலும் தொண்ணூறு மணி நேரம் நின்றாலும் ஒரே தொகைதான். அந்தந்த மாநில அரசு ஆண்டுவாரியாக நிர்ணயித்த மொத்தத் தொகை அது. அதை மணிகளால் வகுத்துப் பார்க்க எவருக்கும் அவசியம் வந்ததில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே வேலையை ஹவுஸ் ஒபிசர் செய்கிறார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கண்டியிலோ ஒரு போதனா வைத்தியசாலையில், எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு துறை, அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. தற்காலிகப் பதிவோடு வேலை செய்கிறார், இருப்பிடமும் பெரும்பாலும் வைத்தியசாலை வளாகத்துக்குள்ளேயே. காஷுவல்டி நாளின் ஓட்டம் இங்கே உள்ளதைப் போலவேதான். வார்டில் அதே கட்டில்கள், கட்டில்களுக்கு நடுவே அதே பாய்கள், அதே இரவு. ஆனால் மாத முடிவில் அவர் கையில் நம் பி.ஜி. கண்டிராத ஒரு படிவம் இருக்கும். ஓ.டி. படிவம், அதாவது மேலதிக நேரப் படிவம். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த மணித்தியாலம், செய்த பணி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கொன்சல்டன்ட் கையொப்பமிட வேண்டும். பிறகு நிர்வாகத்துக்குப் போய், அங்கிருந்து கணக்காளரிடம் போகும். எழுதுவினைஞர் ஒவ்வொரு வரியாகப் பென்சில் வைத்துப் பார்ப்பார். "டொக்டர், பதினேழாந் திகதி பின்னேரம் நாலு மணியில இருந்துதான் போடலாம். நீங்கள் ரெண்டு மணியில இருந்து போட்டிருக்கிறியள்" என்று திருப்பி அனுப்புவார்.

இந்தப் பென்சில்தான் இரு நாடுகளுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம். இலங்கையில் பயிற்சி மருத்துவரின் நேரத்துக்கு விலை இருக்கிறது. அதனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எண்ணுகிறார். இந்தியாவில் அந்த நேரத்துக்குக் காகிதத்தில் வரம்பு இருக்கிறது, விலை இல்லை. அதனால் எண்ணுவதற்கு ஆளும் இல்லை.

வித்தியாசத்தின் வேர் அவர்களின் சட்ட நிலையில் இருக்கிறது. இலங்கையில் ஹவுஸ் ஒபிசர் சுகாதார அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருக்கும் உத்தியோகத்தர். மேற்படிப்புக்குப் போனாலும் அப்படியே. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தேர்வாகி ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி பெறுபவர், அமைச்சின் சம்பளத்தோடுதான் அதைச் செய்கிறார். இந்தியாவில் பி.ஜி. என்பவர் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிச் சேர்ந்த மாணவர். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறை, முதுநிலை மாணவர்கள் எல்லோரும் முழுநேர உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்றுவார்கள் என்று சொல்கிறது. வேலை மருத்துவருடையது, தகுதிநிலை மாணவருடையது. ஊழியருக்கு உரிய உரிமை கேட்டால் மாணவர் என்கிறார்கள், மாணவருக்கு உரிய ஓய்வு கேட்டால் மருத்துவர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஒதுக்கீட்டில் வந்த சர்வீஸ் பி.ஜி.யும் நேரடியாக வந்த நான்-சர்வீஸ் பி.ஜி.யும் ஒரே வார்டில் ஒரே இரவில் ஒரே ரோஸ்டரில் நிற்கிறார்கள். ஒருவருக்குச் சம்பளம், இன்னொருவருக்கு உதவித்தொகை.

அந்த உதவித்தொகையும் எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. டெல்லியில் ராணுவ நல அமைப்பு நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்றின் பயிற்சி மருத்துவர்கள், தங்களுக்கு உதவித்தொகையே தரப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2023-இல் மாதம் 25,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மொத்தத் தொகையைப் பெறுவதற்கே வழக்கு என்றால், மணிக்கணக்கைப் பற்றி எங்கே பேசுவது?

இந்தியாவில் வரம்பு இருக்கிறது என்றேன். அது 1992 ஜூன் 5-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட உறைவிட மருத்துவர் திட்டத்தில் இருக்கிறது. தொடர் பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஜூனியர் ரெசிடென்ட் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். முறை வைத்து வார விடுமுறை தர வேண்டும். ஆன்-கால் பணியும் ஒரு தடவைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மத்திய அரசின் மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதிய ஆவணம் என்றாலும், நாடு முழுவதும் உறைவிட மருத்துவர்கள் முப்பதாண்டுகளாகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தத் தாளைத்தான். ஆனால் "சாதாரணமாக" என்ற சொல்லும், வேலைப் பளுவையும் ஆள் இருப்பையும் பார்த்து மருத்துவக் கண்காணிப்பாளர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற வரியும் அதே தாளில் உண்டு. ஆள் பற்றாக்குறை இல்லாத அரசு மருத்துவமனையை யார் பார்த்திருக்கிறார்கள்? விதியின் விலக்கே அன்றாட நடைமுறையாக ஆனது அப்படித்தான்.

அந்த 48 என்ற எண் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வயதுவந்த தொழிலாளிக்கு விதித்த வார வரம்பும் அதே 48தான். ஆனால் அந்தச் சட்டம் வரம்பு சொன்னதோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் என்று 59ஆம் பிரிவில் எழுதி வைத்தது. அதனால்தான் திருப்பூரிலோ ஓசூரிலோ சட்டப்படி நடக்கும் ஒரு ஆலையில் ஓவர்டைம் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, ஆய்வாளர் வந்தால் அதைக் கேட்கிறார். மருத்துவருக்கு எழுதியவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஊதியத்தை விட்டுவிட்டார்கள். மீறினால் எவருக்கும் செலவில்லாத வரம்பை எவரும் காவல் காப்பதில்லை.

2023 ஒழுங்குமுறை இதைச் சரிசெய்திருக்க வேண்டும். அது நியாயமான வேலை நேரமும் நாளில் நியாயமான ஓய்வும் தரப்பட வேண்டும் என்றது. விடுப்புக்கு எண் உண்டு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு. வருகைக்கு எண் உண்டு, 80 சதவீதம். வேலை நேரத்துக்கு மட்டும் எண் கிடையாது. எண் இருந்த பழைய ஆவணத்திலிருந்து எண் இல்லாத புதிய ஆவணத்துக்கு வந்ததை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு 2024 வந்தது. ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன நெஞ்சக நோய்த் துறை முதுநிலை மாணவி வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டும் பேசியவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். மணிக்கணக்கு இல்லாத பணியில் உறங்கும் இடத்துக்கும் கணக்கு இல்லை. ஒருவர் பன்னிரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்க்கும் மருத்துவமனைக்கு ஓய்வறை தேவைப்படாமல் போகலாம். முப்பத்தாறு மணி நேரம் நிறுத்தி வைக்கும் மருத்துவமனை, அவர் எங்கே படுப்பார் என்று யோசித்தே ஆக வேண்டும். வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த உச்ச நீதிமன்றம், பாதுகாப்போடு சேர்த்து 36 மணி நேரப் பணியையும் மனிதத்தன்மையற்ற வேலை நேரத்தையும் கையிலெடுத்தது அதனால்தான். அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் மாணவர்களின் மனநலம் குறித்து அமைத்த பணிக்குழு ஒரு கணக்குச் சொன்னது. வாரத்துக்கு அதிகபட்சம் 74 மணி நேரம். ஒரு 24 மணி நேரப் பணி, ஐந்து நாளுக்குப் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. அது பரிந்துரை. 1992-இன் 48-ஐ விட 26 மணி நேரம் கூடுதல். ஆனாலும் பெரும்பாலான பி.ஜி.க்களுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதுதான் வருத்தம்.

இப்போது இலங்கைக் கணக்குக்கு வருவோம். அங்கே பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிட அடிப்படைச் சம்பளத்தை ஒரு எண்ணால் வகுப்பார்கள். வருவது ஒரு மணித்தியாலத்தின் விலை. மருத்துவர்களுக்கு அந்த எண் 80 ஆக இருந்து வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம், மாதத்துக்கு நான்கு வாரம் என்று தோராயமாக வைத்தால் 160 மணி நேரம். 80 அதில் சரிபாதி. அதாவது மேலதிக மணிக்குச் சாதாரண மணியைப் போல இரு மடங்கு. நம் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த அதே இரட்டிப்புதான் அங்கே மருத்துவருக்கு வகுஎண்ணாக உட்கார்ந்திருந்தது. போயா போன்ற விடுமுறை நாளில் வேலை செய்தால் அதற்குத் தனிக் கணக்கு, மாதச் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு என்று இருந்தது. பௌர்ணமி தவறாமல் மாதத்துக்கு ஒரு பொது விடுமுறை வரும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000-க்கு, கட்டம் கட்டமாக உயர்வதாக அறிவிப்பு வந்தது. கூடவே மேலதிக நேரத்தின் வகுஎண்ணை 80-லிருந்து 120 ஆக்கும் மாற்றமும், விடுமுறை நாள் பங்கை இருபதில் ஒன்றிலிருந்து முப்பதில் ஒன்றாக்கும் மாற்றமும் அறிவிக்கப்பட்டன. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் கொதித்தது. ஏன் என்று ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். 80-ஆல் வகுத்தால் மணிக்கு 750. சம்பளம் 90,000 ஆக உயர்ந்து, வகுஎண் 120 ஆனால், அப்போதும் மணிக்கு 750தான். அடிப்படை ஒன்றரை மடங்கு ஆகியும் இரவு வேலையின் விலை அசையவில்லை. சம்பளம் அந்த அளவுக்கு உயராதவருக்கோ மணியின் விலை இறங்கியே விடும். சாதாரண மணியோடு ஒப்பிட்டால் இரு மடங்கு என்பது ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

சங்கத்தின் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளே இருக்கும் இன்னொரு உண்மையையும் பார்க்க வேண்டும். இலங்கை மருத்துவரின் மாத வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி மட்டுமே. மேலதிக நேரமும், டி.ஏ.டி. என்று எல்லோரும் சொல்லும் கொடுப்பனவும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும். டி.ஏ.டி.யை 2024 ஜனவரியில் 35,000 ரூபாய் கூட்டியபோது, தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இப்படி அடிப்படையைத் தாழ்த்தி வைத்து, கொடுப்பனவுகளாலும் மேலதிக நேரத்தாலும் மேலே கட்டிய சம்பளத்தில், வேலை நேரத்தைக் குறைப்பது என்றாலே வருமானத்தைக் குறைப்பது என்று ஆகிவிடுகிறது. களைத்துப்போன மருத்துவரே, "என் இரவுகளைக் குறையுங்கள்" என்று கேட்க முடியாத நிலை. அரசும் மேலதிக நேரத்தைக் குறைக்கப் பேசுகிறது, ஆனால் கருவூலத்தின் பாரத்தை மனதில் வைத்துத்தான் பேசுகிறது. மருத்துவரின் தூக்கம் அந்தப் பேச்சில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஓ.டி. படிவத்தை மறுபடியும் பாருங்கள். அதில் ஒவ்வொரு நாளும் தனி வரி. ஒரு வரியில் மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை எட்டு மணித்தியாலம். அடுத்த வரியில் நள்ளிரவிலிருந்து காலை எட்டு வரை இன்னொரு எட்டு. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் சாதாரண வேலை நேரம் படிவத்திலேயே வராது, அதற்குத் தனிப் பணம் இல்லை என்பதால். ஆக, முப்பது மணித்தியாலம் தூங்காமல் நின்றவரின் முப்பதும் ஒரே இடத்தில் சேர்ந்து எங்கும் தெரிவதில்லை. பணத்துக்காக எண்ணும்போது பணம் வரும் மணியை மட்டும்தான் எண்ணுகிறோம். தொடர்ச்சியை எண்ணுவதில்லை. எழுதுவினைஞரின் பென்சில் கூடுதலாகப் போட்ட இரண்டு மணித்தியாலத்தைப் பிடிக்கும். இருபத்தைந்தாவது மணித்தியாலத்தில் ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவை எழுதிக்கொண்டிருந்தார் என்பதைப் பிடிக்காது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இலங்கையை விட்டுப் போனார்கள். போனவர்களின் இரவுகள் இருப்பவர்களின் ரோஸ்டரில் வந்து விழுந்தன. மேலதிக நேரத்தை ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகப் பயன்படுத்தும் முறை, ஆள் குறையக் குறைய இருப்பவரையும் விரட்டத் தொடங்கிவிடும்.

இரு நாடுகளிலும் கணக்கு குழம்பும் ஓர் இடம் ஆன்-கால். குவார்ட்டர்ஸில் படுத்திருக்கும் ஹவுஸ் ஒபிசரும், டியூட்டி டாக்டர் அறையில் பெஞ்சில் சாய்ந்திருக்கும் பி.ஜி.யும் அந்த நேரத்தில் வேலை செய்கிறார்களா, ஓய்வெடுக்கிறார்களா? ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு இரண்டு தீர்ப்புகளில் விடை சொன்னது. 2000-இல் ஸ்பெயினின் வலென்சியா மருத்துவர்கள் தொடர்பான சிமாப் வழக்கிலும், 2003-இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் யேகர் வழக்கிலும், மருத்துவமனையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் நேரம் முழுவதும், தூங்கினாலும், வேலை நேரமே என்றது. எனக்கு இந்த விடையில் சந்தேகமே இல்லை. போன் அடித்தால் மூன்று நிமிடத்தில் வார்டில் நிற்க வேண்டியவர், தன் பிள்ளையோடு இருக்க முடியாதவர், அடுத்த தெருவுக்குச் சாப்பிடப் போக முடியாதவர் வேலையில்தான் இருக்கிறார்.

சீனியர்களில் பலர் இதை ஏற்கமாட்டார்கள். "நாங்க எல்லாம் நாற்பத்தெட்டு மணி நேரம் நின்னு கத்துக்கிட்டோம்" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ராத்திரி சேர்த்த நோயாளியைக் காலையில் தியேட்டர் வரை தொடர்ந்து பார்ப்பதில் ஒரு படிப்பு உண்டு. ஆள் மாறும்போது விவரம் தவறுவதும் உண்டு. அமெரிக்காவில் அறுவை சிகிச்சைப் பயிற்சியாளர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வாரத்துக்கு 80 மணி நேர வரம்பை வைத்துக்கொண்டு ஒரு பணியின் நீளம் போன்ற மற்ற வரம்புகளைத் தளர்த்தியபோது, நோயாளிகளுக்குக் கூடுதல் கேடு எதுவும் தெரியவில்லை. நேரத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இரு தரப்புக்கும் வார வரம்பு ஒன்று இருந்தது, அதை எண்ணவும் செய்தார்கள். நம்மிடம் வரம்பு காகிதத்தில் மட்டும் இருக்கிறது, எண்ணுவது இல்லை. மறுபக்கம், 2004-இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வில், நீண்ட பணி முறையில் வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள், குறைத்த முறையில் வேலை செய்தவர்களை விடச் சுமார் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இலேயே காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 0.03 சதவீதம். பைக்கை எடுக்கக் கூடாத நிலையில் இருப்பவரிடம் கத்தியைக் கொடுத்து, வயிற்றைத் திற என்கிறோம்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவது, எண்ணுவது ஒன்றும் கஷ்டமில்லை என்பதால்தான். தமிழ்நாட்டிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு இவ்வளவு, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார்கள். எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவரின் ஓர் இரவுக்கு என்ன விலை என்று ஊருக்கு ஊர் தெரிந்திருக்கிறது. அதே மனிதர் அரசு மருத்துவமனையில் பி.ஜி.யாகச் சேர்ந்த மறுநாள் அந்த இரவு எண்ணிக்கையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

நேரத்தைப் பதிவு செய்வதையும் பணம் கொடுப்பதையும் பிரித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். முதலில் வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். ஓ.டி.க்குத் தகுதியா, ஆன்-காலா, ரவுண்ட்ஸா என்ற கேள்வி எல்லாம் பிறகு. இலங்கையின் ஓ.டி. படிவத்தில் சாதாரண வேலை நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தால், தொடர் பணி எத்தனை மணித்தியாலம் என்பது தானாக வெளியே வந்துவிடும். இந்தியாவில் பல கல்லூரிகளில் விரல்ரேகை இயந்திரமும் முகப்பதிவும் வந்துவிட்டன. ஆள் வந்தாரா என்பதற்காக வாங்கிய இயந்திரத்தை ஆள் எப்போது போனார் என்பதற்கும் பயன்படுத்தலாம். அந்தக் கணக்கை மாதந்தோறும் துறைவாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யூனிட் சீஃப் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, பி.ஜி.யும் போட வேண்டும். இலங்கையில் பணத்துக்காகவே ஆனாலும் மருத்துவர் தன் நேரத்தைத் தன் கையால் எழுதுகிறார். அந்த ஒரு பழக்கத்தையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே உள்ளவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள, மீறப்பட்டாலும் எழுத்தில் நிற்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேர வரம்பு இருக்கிறது.

எண்ணத் தொடங்கினால் அடுத்து வருவது ஆள் கணக்கு. ஒரு வார்டில் இரவும் பகலும் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 என்றால் மூன்றரைப் பேர் வேண்டும், விடுப்பையும் சேர்த்தால் நான்கு. ஆளுக்கு 74 என்றால் இரண்டே கால் பேர். இன்று பல இடங்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு 84 மணி நேரம். நான்குக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டு பணியிடங்களைத்தான் சென்னையிலும் கொழும்பிலும் அரசுகள் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பயிற்சி மருத்துவர்களின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. சட்டமன்றத்தில் சுகாதார மானியக் கோரிக்கை வரும் நாளில், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஒவ்வொரு துறைக்கும் இந்த வகுத்தலைப் போட்டு, எத்தனை இடம் காலி என்று அமைச்சரிடம் கேட்க வேண்டும்.